கொவிட் கிருமி வந்த வழி எது? சந்தையா, ஆய்வுக்கூடமா?

2020 மார்ச் 18ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. மூன்று வாரங்களில், ஏப்ரல் 7ஆம் தேதி, சிங்கப்பூரும் கதவைச் சாத்தியது. ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் பிள்ளைகள், அந்தப் பக்கம் வேலைக்குப் போன தந்தை என்று மாதக்கணக்கில் பிரிந்து கிடந்த குடும்பங்கள் எத்தனை! பெற்ற தாயின் இறுதிச் சடங்கைக் கைப்பேசித் திரையில் பார்த்துக் கைகூப்பியவர்கள் எத்தனை பேர்! மலேசியாவில் மட்டும் 37,000க்கும் அதிகமான உயிர்களைக் கொண்டு போன அந்தக் கிருமி முதன்முதலில் எங்கிருந்து மனிதனிடம் வந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை முடிவான பதில் இல்லை.

பதில்தான் இல்லையே தவிர, பதில் சொல்வோருக்குப் பஞ்சமில்லை. 'ஆய்வுக்கூடத்தில் செய்து வெளியே விட்டுவிட்டார்கள்' என்று காப்பிக் கடையில் அடித்துச் சொல்வார் ஒருவர். 'வௌவால் சூப் குடித்ததால் வந்த வினை' என்பார் எதிரே இருப்பவர். சூப் கதைக்குச் சாட்சியாகக் கைப்பேசிகளில் சுற்றிய காணொளி வூஹானில் எடுக்கப்பட்டதே அல்ல. பசிபிக் தீவான பலாவில் 2016ஆம் ஆண்டு ஒரு சுற்றுப்பயண நிகழ்ச்சிக்காக எடுக்கப்பட்டது அது.

போனது போகட்டும், மூலத்தைத் தேடி இனி என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உண்டு. விலங்கிலிருந்து வந்தது என்றால் காட்டு விலங்கு வியாபாரத்தையும் பண்ணைகளையும் கட்டுப்படுத்த வேண்டும். ஆய்வுக்கூடத்திலிருந்து நழுவியது என்றால் உலகெங்கும் எந்த ஆய்வை, எந்தப் பாதுகாப்போடு செய்ய அனுமதிப்பது என்ற சட்டங்களையே மாற்ற வேண்டும். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றொன்றுக்குப் பலிக்காது. மூலத்தைத் தவறாகக் கணித்தால் என்ன விலை கொடுக்க நேரும் என்பது மலேசியாவுக்குப் புதிய பாடமும் அல்ல.

புக்கிட் பெலாண்டோக்கில் நடந்தது

1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் தொழிலாளர்கள் காய்ச்சலோடு மயங்கி விழத் தொடங்கினார்கள். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு செய்யப்பட்டது. கொசு பரப்பும் நோய் அது. எனவே கொசுப் புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் விழுந்தார்கள். சிறுவர்களை அதிகம் தாக்க வேண்டிய நோய், பண்ணையில் பாடுபட்ட பெரியவர்களையே குறிவைத்தது. பன்றிகளோ இருமி இருமிச் செத்தன. கணக்கு எங்கோ இடித்தது.

அதற்குள் நோய் கண்ட பன்றிகள் லாரி ஏறி நெகிரி செம்பிலானுக்குப் போய்விட்டன. புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வட்டாரங்கள் மரண வீடுகளாயின. 1999 மார்ச் மாதம் மலாயாப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் சுவா காவ் பிங், நோயாளியின் மாதிரியிலிருந்து வளர்த்தெடுத்த கிருமியை அமெரிக்காவுக்குக் கொண்டு சென்று சோதித்தபோதுதான், உலகம் அதுவரை அறியாத புதிய கிருமி அது என்பது தெரிந்தது. நிப்பா என்று பெயர் வைத்தார்கள். மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்ற நோய், சிங்கப்பூரில் பன்றி அறுக்கும் கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கும் தொற்றி, அவர்களில் ஒருவரைப் பலிகொண்டது. பத்து லட்சத்துக்கும் அதிகமான பன்றிகள் அழிக்கப்பட்ட பிறகே பரவல் நின்றது.

மூலத்தைத் தேடும் வேலை அத்துடன் முடிந்துவிடவில்லை. பழந்தின்னி வௌவால்கள் மீது சந்தேகம் விழுந்தது. தியோமான் தீவில் வௌவால்கள் தொங்கும் மரங்களின் கீழ் பிளாஸ்டிக் விரிப்புகளைப் போட்டு, சிறுநீர்த் துளிகளைச் சேகரித்து, அதிலிருந்து நிப்பா கிருமியைப் பிரித்தெடுத்தார்கள். பண்ணையில் பன்றிக் கொட்டகையை ஒட்டி மாமரங்கள்; வௌவால் கடித்துப் போட்ட பழம் கொட்டகைக்குள் விழ, அதைப் பன்றி தின்ன, பன்றியிடமிருந்து மனிதன் வாங்கிக்கொண்டான். சங்கிலி பிடிபட்டது. பன்றிக் கொட்டகைக்கு அருகே பழமரம் கூடாது என்ற எளிய விதி பிறந்ததும் அதனால்தான். புகை அடித்தே காலத்தைக் கழித்திருந்தால் அந்த விதி பிறந்திருக்குமா?

சார்ஸ் காட்டிய இரண்டு முகங்கள்

நிப்பாவுக்குப் பிறகு வந்தது சார்ஸ். 2002 நவம்பரில் சீனாவின் குவாங்டோங் மாநிலத்தில் தொடங்கி, உலகில் 8,096 பேரைத் தாக்கி 774 பேரைக் கொன்றது. சிங்கப்பூரில் 238 பேருக்குத் தொற்றியது. 33 பேர் இறந்தனர். பரவல் தொடங்கி ஏறக்குறைய ஆறு மாதத்தில், 2003 மே மாதம், ஹாங்காங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஷென்சென் நகரச் சந்தைக்குப் போனார்கள். அங்கே கூண்டுகளில் உயிரோடு விற்பனைக்கு இருந்த புனுகுப்பூனைகளிடமே சார்ஸ் கிருமியின் நெருங்கிய உறவைக் கண்டார்கள். 2005இல் குதிரை லாடம் போன்ற மூக்குள்ள வௌவால்களிடம் அதன் உறவுக் கிருமிகள் கிடைத்தன. 2017இல்தான், யுன்னான் மாநிலத்துக் குகை ஒன்றில் சார்ஸ் கிருமியின் எல்லாப் பகுதிகளும் வெவ்வேறு வௌவால் கிருமிகளில் சிதறிக் கிடப்பது தெரியவந்தது. அந்தக் குகை ஆய்வைச் செய்தவர் ஷீ ஜெங்லி என்ற பெண் விஞ்ஞானி. வேலை செய்த இடம், வூஹான் கிருமியியல் ஆய்வுக்கழகம். இந்தப் பெயர் பின்னால் மீண்டும் வரும்.

சார்ஸுக்கு இன்னொரு முகமும் இருந்தது. பரவல் ஓய்ந்த பிறகு, 2003 செப்டம்பரில் சிங்கப்பூரில் ஆய்வு மாணவர் ஒருவருக்குச் சார்ஸ் கண்டது. அவர் ஆய்ந்தது வேறொரு கிருமியை. அந்த மாதிரியில் சார்ஸ் கிருமி கலந்திருந்தது தெரியாமல் கையாண்டிருக்கிறார். நல்லவேளையாக அது மற்றவர்களுக்குப் பரவவில்லை. டிசம்பரில் தைவானில் இன்னொரு ஆய்வாளர். 2004இல் பெய்ஜிங்கில் ஆய்வுக்கூடத்திலிருந்து வெளியேறிய தொற்று ஒன்பது பேருக்குப் பரவி, ஆய்வு மாணவி ஒருவரின் தாயாரைப் பலிகொண்டது.

ஆக, விலங்குச் சந்தை வழியாகக் கிருமி வந்ததற்கும் முன்னுதாரணம் உண்டு. ஆய்வுக்கூடத்திலிருந்து நழுவியதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1977இல் உலகைச் சுற்றிய சளிக்காய்ச்சல் கிருமி, 1950களில் உலவிய கிருமியோடு ஏறக்குறைய ஒத்துப் போனது. இருபது ஆண்டுகளுக்கு மேல் மனிதரிடையே பரவும் சளிக்காய்ச்சல் கிருமி இயற்கையில் அப்படி மாறாமல் இருக்காது. எங்கோ உறைபெட்டியில் இருந்தது, தடுப்பூசிச் சோதனையிலோ ஆய்வுக்கூடத்திலோ வெளியே வந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலான வல்லுநர்களின் கருத்து. எனவே 'ஆய்வுக்கூடம்' என்ற சொல்லைக் கேட்டதும் சிரிப்பதற்கும் காரணமில்லை, உடனே நம்புவதற்கும் காரணமில்லை.

ஒரே நகரில் இரண்டு சந்தேகங்கள்

இப்போது வூஹானுக்கு வருவோம். சீனாவின் நடுப்பகுதியில், யாங்சி ஆற்றங்கரையில், 11 மில்லியன் மக்கள் வாழும் நகரம். 2019 டிசம்பர் 31ஆம் தேதி, காரணம் தெரியாத நிமோனியா 27 பேரைத் தாக்கியிருப்பதாக நகரச் சுகாதாரத் துறை அறிவித்தது. பலர் ஹுவானான் கடல் உணவு மொத்தச் சந்தையோடு தொடர்புள்ளவர்கள். மறுநாளே சந்தை மூடப்பட்டது.

பெயர்தான் கடல் உணவுச் சந்தை. உள்ளே மேற்குப் பகுதியில் காட்டு விலங்குகளும் உயிரோடு விற்கப்பட்டன. சீன அதிகாரிகள் முதலில் அதை ஒப்புக்கொள்ளத் தயங்கினார்கள். ஆனால் உண்ணி பரப்பும் வேறொரு நோயை ஆராய்ந்துகொண்டிருந்த ஆய்வாளர் ஒருவர், 2017 மே முதல் 2019 நவம்பர் வரை வூஹான் சந்தைகளில் மாதந்தோறும் சுற்றிக் கணக்கெடுத்து வைத்திருந்தார். கொவிட் வரும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? 2021இல் வெளியான அந்தக் கணக்கின்படி 38 வகையைச் சேர்ந்த 47,381 விலங்குகள் அந்தக் காலத்தில் விற்கப்பட்டிருந்தன. ரக்கூன் நாய், புனுகுப்பூனை, மூங்கில் எலி எல்லாம் பட்டியலில் உண்டு. வௌவால் இல்லை, எறும்புதின்னியும் இல்லை. சூப் கதைக்கு இதுவும் ஒரு பதில்.

ஆனால் அதே வூஹானில்தான் உலகின் முன்னணி வௌவால் கிருமி ஆய்வுக்கூடமும் இருக்கிறது. ஷீ ஜெங்லியின் குழு பல ஆண்டுகளாகக் குகை குகையாகச் சென்று கொரோனா கிருமிகளைச் சேகரித்துக் கொண்டுவந்து வைத்த இடம். அந்த வௌவால்கள் வாழும் யுன்னான் குகைகளோ ஏறக்குறைய 1,500 கிலோமீட்டருக்கு அப்பால். காட்டிலிருந்து அத்தனை தொலைவைத் தாண்டிய கிருமி, சீனாவின் எத்தனையோ நகரங்களை விட்டுவிட்டு, அந்தக் கிருமிகளை ஆராயும் நகரத்தில் போய் முதலில் வெடிப்பானேன்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதானா?

விவாதத்தின் வேர் இந்தக் கேள்விதான். எளிதில் தள்ளிவிடக் கூடிய கேள்வியும் அல்ல. ஆனால் பெரிய ஆய்வுக்கழகங்கள் பெரிய நகரங்களில்தான் இருக்கும். காட்டு விலங்குகள் லாரிகளில் வந்து இறங்குவதும் பெரிய நகரங்களின் சந்தைகளில்தான். சார்ஸ் கிருமியும் யுன்னான் குகையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தாண்டித்தான் குவாங்டோங்குக்கு வந்தது. தூரத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

சந்தை தரும் சாட்சியம்

சந்தைக் கட்சியின் பெரிய பலம் வரைபடம். 2019 டிசம்பரில் நோயுற்றதாகப் பதிவான 174 பேரில், வீடு இருக்குமிடம் தெரிந்த 155 பேரைப் புள்ளிகளாக வைத்தபோது, அத்தனை பெரிய நகரில் அவை ஹுவானான் சந்தையைச் சுற்றியே குவிந்தன. மைக்கல் வொரோபி தலைமையில் 2022இல் வெளியான இந்த ஆய்வில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. சந்தைக்கே போகாதவர்களின் வீடுகளும் சந்தையைச் சுற்றியே இருந்தன. ஆய்வுக்கழகமோ ஆற்றின் மறுகரையில்.

அடுத்தது, சந்தைக்குள் எடுத்த மாதிரிகள். சந்தை மூடிய நாளிலிருந்து சீன நோய்க் கட்டுப்பாட்டு அதிகாரிகள் தரை, கூண்டு, தள்ளுவண்டி, சாக்கடை என்று 900க்கும் மேற்பட்ட இடங்களில் துடைத்தெடுத்தார்கள். கிருமி காணப்பட்ட மாதிரிகள், காட்டு விலங்குகள் விற்ற மேற்குப் பகுதியில் அதிகம். 2023 மார்ச்சில் அந்த மாதிரிகளின் மரபணுத் தகவல்கள் அனைத்துலகத் தரவுத்தளம் ஒன்றில் சிறிது காலம் தென்பட்டபோது, பிரான்சில் ஆய்வாளர் ஒருவர் கவனித்துவிட்டார். பிரித்துப் பார்த்தால், கிருமி இருந்த இடங்களிலேயே ரக்கூன் நாயின் மரபணுவும் இருந்தது. ரக்கூன் நாய்க்கு இந்தக் கிருமி தொற்றும், அது பரப்பவும் செய்யும் என்று ஏற்கெனவே சோதனைகளில் தெரிந்திருந்தது. அதே சந்தைக்கு 2014இல் சென்றிருந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானி எட்வர்ட் ஹோம்ஸ், கூண்டில் அடைபட்ட ரக்கூன் நாயைப் படம் எடுத்து வைத்திருந்தார். கிருமி பலமுறை காணப்பட்ட கடைகளில் ஒன்று, அந்தப் படத்தில் இருக்கும் கடை.

இவ்வளவும் கேட்டால் வழக்கு முடிந்தது என்றே தோன்றும். முடியவில்லை. தொடக்கத்தில் மருத்துவர்கள் சந்தையோடு தொடர்புள்ள நோயாளிகளையே தேடிப் பிடித்தார்கள். தேடிய இடத்தில் கிடைத்ததை வைத்து அங்கேதான் தொடங்கியது என்பது எப்படிச் சரியாகும் என்று கேட்கிறார்கள் மறுப்பாளர்கள். மாதிரிகள் எடுக்கப்பட்டது, நோய் பரவத் தொடங்கி ஒரு மாதமாவது கடந்த பிறகு. அதற்குள் நோயுற்ற மனிதர்களே சந்தை முழுக்க இருமித் தள்ளியிருப்பார்கள். அமெரிக்க ஆய்வாளர் ஜெசி புளூம் அதே தகவல்களை மீண்டும் அலசியபோது, கிருமி அதிகமிருந்த மாதிரிகளோடு கூடுதலாக ஒத்துப் போனது ரக்கூன் நாயின் மரபணு அல்ல, மீனின் மரபணு. மீனுக்குக் கொவிட் வராது! கிருமியும் ஒரு விலங்கின் தடயமும் ஒரே இடத்தில் கிடைப்பதால் மட்டும் அந்த விலங்கு நோயுற்றிருந்தது என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

சந்தையில் சோதிக்கப்பட்ட 457 விலங்கு மாதிரிகளில் ஒன்றில்கூடக் கிருமி இல்லை என்பது சீனத் தரப்பு அடிக்கடி எடுத்துக்காட்டும் செய்தி. அந்தப் பட்டியலை வாசித்தால் உண்மை புரியும். முயல், பாம்பு, தெருப்பூனை இருக்கின்றன. ரக்கூன் நாய் ஒன்றுகூட இல்லை. சந்தேகத்துக்குரியவரை மட்டும் விட்டுவிட்டு ஊரையே விசாரித்த கதை இது.

ஆய்வுக்கூடத்தின் மீது விழும் நிழல்

ஆய்வுக்கூடக் கட்சியின் கையில் மூன்று சீட்டுகள் முக்கியமானவை.

2012இல் யுன்னானின் மோஜியாங் வட்டாரச் சுரங்கம் ஒன்றில் வௌவால் எச்சத்தைக் கூட்டிய தொழிலாளர்கள் ஆறு பேர் கடும் நிமோனியாவில் விழுந்து, மூவர் இறந்தனர். வூஹான் குழு அந்தச் சுரங்கத்தில் மாதிரிகள் சேகரித்தது. அங்கே 2013இல் கிடைத்த ஒரு வௌவால் கிருமியின் மரபணு வரிசை, கொவிட் கிருமியோடு 96.2 விழுக்காடு ஒத்துப் போகிறது. கேட்பதற்குத் திடுக்கிட வைக்கும் எண்தான். ஆனால் ஏறக்குறைய 30,000 எழுத்துகள் கொண்ட வரிசையில் மிச்சமுள்ள நான்கு விழுக்காடு என்பது ஆயிரத்துக்கும் அதிகமான வேறுபாடுகள். இயற்கையில் அத்தனை மாற்றம் ஏற்படப் பல பத்தாண்டுகள் ஆகும். 2021இல் லாவோஸ் நாட்டு வௌவால்களில் 96.8 விழுக்காடு ஒத்துப் போகும் கிருமி கிடைத்தது. அது இன்னும் நெருக்கம். ஆக, அந்தச் சுரங்கக் கிருமி கொவிட்டின் தாய் அல்ல, தூரத்து உறவு.

இரண்டாவது சீட்டு கொஞ்சம் கனமானது. கொவிட் கிருமியின் மேல் முள்முள்ளாக நிற்கும் புரதம், மனித உயிரணுவுக்குள் நுழையும் முன் இரண்டாக வெட்டுப்பட வேண்டும். மனித உடலில் ஃபியூரின் என்ற கத்தரிக்கோல் போன்ற நொதி இருக்கிறது. அந்தக் கத்தரி வெட்டுவதற்கு வாகான ஓர் இடம், வெறும் 12 எழுத்துகள், கொவிட் கிருமியில் செருகியது போல இருக்கிறது. அதன் நெருங்கிய உறவுக் கிருமிகள் எதிலும் அது காணப்படவில்லை. மெர்ஸ் போன்ற தூரத்து உறவுகளில் உண்டு. இயற்கையே பலமுறை உண்டாக்கிய அமைப்புதான் என்பது ஒரு தரப்பு. ஆனால் 2021 செப்டம்பரில் வெளியே கசிந்த ஆவணம் இந்த விவாதத்தைச் சூடேற்றியது. ஈகோஹெல்த் அலையன்ஸ் என்ற அமெரிக்க அமைப்பு, வூஹான் கழகத்தையும் கூட்டாளியாகச் சேர்த்து, 2018இல் அமெரிக்கத் தற்காப்பு ஆய்வு முகவையிடம் நிதி கேட்ட விண்ணப்பம் அது. கொரோனா கிருமிகளில் இத்தகைய வெட்டிடங்களைச் செருகிப் பார்க்கும் யோசனை அதில் இருந்தது! விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. வேறு பணத்தில் அந்த வேலை நடந்ததற்குச் சான்று எதுவும் வெளியாகவில்லை. ஆனாலும், திருடுவது எப்படி என்று திட்டம் எழுதியவன் வீட்டுப் பக்கத்தில் திருட்டுப் போனால் ஊர் என்ன பேசும்?

மூன்றாவது, மறைப்பு. வூஹான் கழகத்தின் கிருமித் தரவுத்தளம் 2019 செப்டம்பரில் இணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. ஊடுருவல் முயற்சிகள் காரணம் என்றார்கள். சார்ஸ் போன்ற கிருமிகளோடான சில வேலைகள் மிக உயர்ந்த பாதுகாப்புக் கூடத்தில் அல்லாமல், அதற்கு இரண்டு படி கீழான பாதுகாப்பு நிலையில் நடந்ததை ஷீ ஜெங்லியே 2020இல் ஒப்புக்கொண்டார். கொவிட் கிருமியோ அதன் மூதாதையோ பரவலுக்கு முன் தங்களிடம் இருந்ததில்லை என்று அவர் உறுதியாக மறுத்து வருகிறார். அந்த மறுப்பைப் பொய் என்று நிரூபிக்கும் ஒரு தாள்கூட இதுவரை கிடைக்கவில்லை. அதை உண்மை என்று உறுதிப்படுத்தக்கூடிய ஆய்வுக்கூடக் குறிப்பேடுகளும் வெளியாருக்குத் திறக்கப்படவில்லை.

கதவை அவசரமாகச் சாத்தியவர்கள்

விஞ்ஞானிகளும் இதில் பழியிலிருந்து தப்ப முடியாது. 2020 பிப்ரவரியில், பரவல் தொடங்கிச் சில வாரங்களில், 27 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டு, கிருமி இயற்கையானதல்ல என்பதெல்லாம் சதிக்கதைகள் என்று கண்டித்தார்கள். கையெழுத்திட்டவர்களில் ஒருவர், வூஹான் கழகத்தோடு ஆய்வுத் தொடர்பு வைத்திருந்த ஈகோஹெல்த் அமைப்பின் தலைவர் பீட்டர் டஸாக். அந்தத் தொடர்பு அறிக்கையில் சொல்லப்படவில்லை. மார்ச் மாதம் வெளியான இன்னொரு புகழ்பெற்ற கட்டுரை, ஆய்வுக்கூட வழி எதுவும் நம்பத்தக்கதாக இல்லை என்றது. அதை எழுதியவர்களில் சிலர் சில வாரங்களுக்கு முன் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது அத்தனை உறுதியாக இல்லை என்பது பின்னர் அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் அம்பலமானது. பேசிப் பார்த்து மனம் மாறுவது விஞ்ஞானத்தில் குற்றமல்ல. ஆனால் பொதுமக்களிடம் தயக்கத்தை மறைத்து உறுதியை மட்டும் காட்டியது, பின்னால் நல்ல சான்றுகள் வந்தபோதும் நம்ப மறுக்கும் கூட்டத்தை உருவாக்கியது.

மறுபுறம் அரசியல்வாதிகள். அமெரிக்க அதிபர் டோனல்ட் டிரம்ப் 'சீனக் கிருமி' என்றே பேசினார். அந்தக் காலத்தில் மேலை நாடுகளின் வீதிகளில் சீன முகமுடையவர்கள் தாக்கப்பட்டார்கள். லண்டனில் சிங்கப்பூர் மாணவர் ஒருவரும் அடிபட்டார். கிருமியின் மூலத்தைக் கேட்பவன் எல்லாம் இனவெறியன் என்றும், கேட்காதவன் எல்லாம் சீனாவின் கையாள் என்றும் உலகம் இரண்டாகப் பிரிந்த பிறகு, நிதானமாக மாதிரி எடுக்க யாருக்கு நேரம்?

2021 தொடக்கத்தில் உலகச் சுகாதார நிறுவனத்தின் குழு வூஹான் சென்றது. ஓராண்டு தாமதம். சீன நிபுணர்களோடு சேர்ந்து அது வெளியிட்ட அறிக்கை, ஆய்வுக்கூட வழி 'மிக மிகச் சாத்தியமற்றது' என்றது. அறிக்கை வெளியான அன்றே, எல்லா வழிகளும் இன்னும் ஆராயப்பட வேண்டியவை என்று நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் சொன்னது பலரையும் புருவம் உயர்த்த வைத்தது.

உளவுத் துறைகளின் கருத்தும் அவ்வப்போது தலைப்புச் செய்தியாகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் சிஐஏ, ஆய்வுக்கூடமே காரணமாக இருக்கக்கூடும் என்றது. 'குறைந்த நம்பிக்கையோடு' என்ற அடைமொழியையும் அதுவே சேர்த்துக்கொண்டது. எஃப்பிஐ அதே பக்கம், சற்றுக் கூடுதல் நம்பிக்கையோடு. ஆனால் 2023இல் வெளியான அமெரிக்க உளவு மதிப்பீட்டில் நான்கு அமைப்புகள் இயற்கை வழியின் பக்கம் சாய்ந்திருந்தன. அவையும் குறைந்த நம்பிக்கையோடுதான். தலைப்புச் செய்தியில் அடைமொழி காணாமல் போய்விடும். காப்பிக் கடைக்கு வந்து சேர்வது 'சிஐஏயே சொல்லிவிட்டது' என்பது மட்டும்தான். 2025 ஏப்ரலில் வெள்ளை மாளிகை தன் இணையப் பக்கத்தில் ஆய்வுக்கூடத்தையே குற்றவாளியாக்கியது. அதே மாதம் சீனா வெளியிட்ட வெள்ளை அறிக்கையோ, தேடவேண்டிய இடம் அமெரிக்கா என்றது.

காலாவதியாகும் சான்றுகள்

ஷென்சென் சந்தையில் 2003இல் ஆய்வாளர்கள் நுழைந்தபோது புனுகுப்பூனைகள் கூண்டில் உயிரோடு இருந்தன. தியோமானில் வௌவால்கள் மரத்தில் தொங்கின. வூஹானில், மாதிரி எடுக்கக் கையில் பஞ்சுக்குச்சியோடு அதிகாரிகள் வந்தபோது கூண்டுகள் காலியாகிக்கொண்டிருந்தன. மக்களைக் காப்பாற்றச் சந்தையை மூடிக் கழுவியது சரியான செயல். ஆனால் கழுவிய நீரோடு சாட்சிகளும் போயின. 2020 பிப்ரவரி 24ஆம் தேதி, காட்டு விலங்குகளை உணவுக்காக விற்பதற்குச் சீனா தடை விதித்தது. அதுவும் தேவையான தடைதான். அதோடு, அந்தச் சந்தைக்கு விலங்குகளை அனுப்பிய பண்ணைகள் மூடப்பட்டன. அங்கிருந்த ரக்கூன் நாய்களின் இரத்தத்தை யாரேனும் சோதித்தார்களா என்பதற்கு வெளியுலகுக்குக் கிடைத்த பதில் இல்லை.

கிடைத்திருக்கும் சான்றுகளை மட்டும் தராசில் வைத்தால் தட்டு சந்தைப் பக்கமே தாழ்கிறது. மேலே சொன்ன வரைபடமும் சந்தை மாதிரிகளும் கையில் இருக்கும் பொருள்கள். ஆய்வுக்கூடப் பக்கம் இருப்பவை பெரும்பாலும் சந்தேகங்களும், காட்ட மறுக்கப்பட்ட தாள்களும். ஆனால் காட்ட மறுக்கும்வரை அந்தத் தட்டைக் காலி என்று சொல்லவும் முடியாது. உலகச் சுகாதார நிறுவனம் அமைத்த சேகோ என்ற நிபுணர் குழு 2025 ஜூன் 27ஆம் தேதி வெளியிட்ட அறிக்கையின் சாரமும் ஏறக்குறைய இதுதான். விலங்கிலிருந்து பரவியது என்பதற்கே சான்றுகளின் எடை அதிகம். ஆயினும் எந்த வழியையும் ஒதுக்கிவிட முடியவில்லை.

சீனாவிடம் கேட்டும் கிடைக்காதவை என்று அந்தக் குழு சில பொருள்களைக் குறிப்பிட்டது. பரவலின் தொடக்க நாட்களில் நோயுற்ற நூற்றுக்கணக்கானோரிடமிருந்து எடுத்த கிருமிகளின் மரபணு வரிசைகள், வூஹான் சந்தைகளில் விற்ற விலங்குகள் பற்றிய விரிவான தகவல், வூஹான் ஆய்வுக்கூடங்களில் நடந்த வேலைகளும் அங்கிருந்த பாதுகாப்பு ஏற்பாடுகளும் பற்றிய விவரங்கள். சந்தையைக் குற்றவாளியாக்கவோ விடுவிக்கவோ வேண்டியவை முதல் இரண்டு. ஆய்வுக்கூடத்தைக் குற்றவாளியாக்கவோ விடுவிக்கவோ வேண்டியது மூன்றாவது. தன்னிடம் உள்ளதையெல்லாம் ஏற்கெனவே பகிர்ந்துவிட்டதாகச் சீனா சொல்கிறது.